கல் இல்லாமல் ஒரு டீ

மூன்று வருடமாக என் வண்டிக்கு ஹேண்ட்பிரேக் என்பது ஒரு கல். கறுப்பு நிறம், ஒரு பக்கம் சரிவு, டயருக்கு அடியில் சொருக அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். வண்டியை நிறுத்துவேன். கியரில் விடுவேன். இறங்கிப் போய்க் கல்லை வைத்து, காலால் இரண்டு உதை விட்டுப் பார்ப்பேன். பத்தடி நடந்ததும் திரும்பிப் பார்ப்பேன். மறுபடி வந்து மூன்றாவது உதை. அந்தக் கல் தொலைந்துபோனால் என்ன ஆவது என்று சீட்டுக்கு அடியில் இன்னொரு கல்லையும் வைத்திருந்தேன். இந்த இரண்டாவது கல்லைப் பற்றி யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

கவலை எனக்குக் கூடப்பிறந்தது. ஏழாம் வகுப்புப் பரீட்சையில் மை தீர்ந்துவிடுமோ என்று நான்கு பேனா கொண்டுபோய், எதில் எழுதுவது என்று யோசித்தே முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தவன் நான். அந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எங்களுடையது இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். அப்பா கச்சல் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். நான் பதினைந்து வருடம் மீன்பிடி டிங்கிகளில் திரிந்துவிட்டு, போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரில் வந்து கரையேறினேன். படகுக்கு நங்கூரம் இருக்கிறது, வண்டிக்குக் கல் இருக்கிறது. எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வண்டி, ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் பிக்கப். உருண்டை முகவிளக்கு, தகரப் பெட்டி மாதிரி முகம், என்னைவிட மூத்தது. முதல் மழைக்காலத்திலேயே என்ஜின் படுத்துவிட்டது. ஜங்லிகாட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய்தான், நொறுங்கிப்போன ஒரு பாசஞ்சர் வேனின் டீசல் என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாவற்றையும் இதற்குள் ஏற்றினார். பாய் வண்டியும் பார்ப்பார், படகு என்ஜினும் பார்ப்பார். ராமநாதபுரத்துக்காரர்; திட்டுவது தமிழில், சமாதானப்படுத்துவது இந்தியில்.

சிக்கல் அங்கேதான் வந்தது. பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன டிரம், அது பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டையே கவ்விப் பிடிக்கும். கியர்பாக்ஸ் மாறியதும் அந்த டிரம்முக்கு இடமில்லாமல் போய்விட்டது. டேஷ்போர்டுக்கு அடியில் குடைப்பிடி மாதிரி ஒரு கைப்பிடி மட்டும் மிச்சம். இழுத்தால் வரும், விட்டால் போகும், எதையும் பிடிக்காது.

“வேனோட கேபிள் எட்டாது தம்பி. அளவு சொல்லி மெயின்லேண்ட்லருந்து வரவழைக்கணும். அதுவரைக்கும் கல்லு போட்டுக்க. டென்ஷன் மத் லோ, கவலைய விடு” என்றார் பாய்.

அதுவரைக்கும் என்பது மூன்று வருடமானது. டென்ஷன் மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது.

வாரம் ஒருமுறை போர்ட் பிளேர் கடைகளிலிருந்து பிளாஸ்டிக் குடம், வாளி, பெயிண்ட் டப்பா ஏற்றிக்கொண்டு ரங்கத் போவேன். திரும்பும்போது வாழைத்தாரும் காய்கறியும். நடுவில் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியோடு ஃபெர்ரியில் ஏற வேண்டும். நான் கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்ததும் ஃபெர்ரி ஆள் ஒருவர், “ஆகயா பத்தர்வாலா! வந்துட்டான்யா கல்லுக்காரன்!” என்று மொத்தக் கூட்டத்துக்கும் அறிவிப்பார். கார்களில் இருக்கும் டூரிஸ்ட்டுகள் எட்டிப் பார்ப்பார்கள். நான் கல்லுக்குப் பின்னால் ஒளியப் பார்ப்பேன். கல் அந்த அளவுக்குப் பெரியது இல்லை.

ரங்கத் பஜாரை ஒட்டிய ஒரு ஏற்றத்தின் அடியில் ஒரு டீக்கடை. நீலத் தார்ப்பாய், ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டவ். நடத்துகிறவர் முப்பத்தைந்து வயதுப் பெண். அவர் குடும்பமும் எங்களைப்போல மலையிலிருந்து வந்ததுதான். முதல்முறை அங்கே போனபோது வண்டியை மேலே நிறுத்தி, கல் வைத்து, மூன்று உதையும் விட்டு, இறங்கி வந்து டீ வாங்கினேன். பாதி டீயில் மனசு கேட்கவில்லை, எழுந்து பார்த்தேன். வண்டி எனக்கு முன்னாலேயே கிளம்பியிருந்தது.

கியரில்தான் இருந்தது. ஆனாலும் ‘டக்’ என்று ஒரு அடி, நின்று யோசித்து மறுபடி ‘டக்’ என்று ஒரு அடி, கல்யாண வீட்டுக்கு வரும் பெரிய மனிதர் மாதிரி இறங்கி வந்தது. நான் ஓடிப்போய்ப் பானெட்டில் இரண்டு கையும் ஊன்றி, பின்பக்கமாகவே நடந்து, கடைசியில் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். பம்பர் என் முட்டியைத் தொட்டு நின்றது.

அந்தப் பெண் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “பரவாயில்லங்க. வண்டியே வந்து டீ கேக்குது.”

“என் கல்லு! கல்லைக் காணோம்!”

“அது ஒங்க கல்லா?” அவர் தார்ப்பாயின் மூலையைக் காட்டினார். காற்றில் படபடத்துக்கொண்டிருந்த தார்ப்பாய்மேல் என் கறுப்புக் கல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. “ஒங்களுக்கு டீ குடுத்துட்டுத் தண்ணி எடுக்க மேல போனேன். ரோட்டுல சும்மா கெடந்துச்சு, நல்லா இருக்கேன்னு எடுத்தேன்.”

“சும்மா கெடக்கல. வேலை பாத்துட்டு இருந்துச்சு.”

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டவ் அணைந்துவிடும்போல இருந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம், ரங்கத்தில் வேறு எந்தக் கடையிலும் நான் டீ குடிக்கவில்லை. குடித்தேன் என்று சொல்வதும் சரியில்லை. ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து வண்டியைப் பார்க்க ஓடுவேன். திரும்பி வரும்போது டீ ஆறியிருக்கும்.

எட்டாவது மாதம் கேட்டுவிட்டேன். வாக்கியத்தை வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்தேன். அது ஃபெர்ரியிலேயே இறங்கிப் போய்விட்டது. வாயில் வந்தது இவ்வளவுதான்: “நீங்க புரோத்ராபூர் வந்துர்றீங்களா?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “எதுல?”

“நம்ம வண்டியிலதான்.”

“அச்சா. வழியில நிறுத்துனா கல்லு போட யாரு எறங்குவா?”

நான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

“பாருங்க, யோசிக்கிறாரு! வண்டிக்குக் கிளீனரா வர்றதுக்கு நான் எதுக்குங்க தாலி கட்டிக்கணும்?” என்றார். பிறகு ஏற்றத்தைக் கை காட்டினார். “ஹேண்ட்பிரேக் வச்சுட்டு வாங்க. இதே ஏத்தத்துல நிறுத்துங்க. கல்லு இல்லாம இங்க வந்து ஒக்காந்து ஒரு டீய முழுசா குடிங்க. அப்புறம் பதில் சொல்றேன். கல்லு இங்கயே இருக்கட்டும்.”

இல்லை என்று சொல்லவில்லை! திரும்பும் வழி முழுக்க எனக்கு அது ஒன்றுதான் கேட்டது. ஃபெர்ரியில் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டாவது கல்லை எடுத்து வைத்தபோது, “ஏ பத்தர்வாலா, கல்லு மாறிப் போச்சே!” என்றார் அந்த ஆள். நான் அவருக்குச் சலாம் வைத்தேன்.

பாய் விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனரால் தன் தொடையில் தட்டிக்கொண்டார். “மூணு வருஷமா என் பேச்சக் கேட்டு கல்லு போட்டவன், ஒரு டீக்கு ஹேண்ட்பிரேக் கேக்குறான்! சலோ, கப்பலுக்கு இனிமே காத்திருக்க வேணாம். படகு சாமான்லயே பண்ணிருவோம்.”

வேன் ஆக்ஸிலின் டிரம்முக்குள் ஹேண்ட்பிரேக்குக்கான நெம்புகோல் ஏற்கெனவே இருந்தது. கைப்பிடியிலிருந்து அதுவரை இழுவையைக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. படகு ஸ்டீயரிங்குக்குப் போடும் துருப்பிடிக்காத வயர் ரோப்பை வெட்டினோம். முதலில் நேராக மாட்டி இழுத்தேன். கைப்பிடி வந்தது, என் தோள்பட்டையும் கூடவே வந்துவிடும்போல இருந்தது, சக்கரம் மட்டும் தாராளமாகச் சுற்றியது.

“கைப்பிடி ஒரு சாண் வருது, சக்கரத்துக்கு வேண்டியது ரெண்டு வெரக்கடைதான். ஆனா ஆனை பலம் வேணும். நடுவுல ஒரு லீவர் போடணும். லீவர் பாடம் படிச்சதில்லையா நீ?”

“அது வர்றதுக்கு முன்னாடியே நின்னுட்டேன் பாய்.”

“நானும்தான். படிச்சவன் எவனும் இங்க இல்ல, நாமளே போட்டுருவோம்.”

உடைந்த லீஃப் ஸ்பிரிங் பட்டை ஒன்றை வெட்டி, சேஸிசில் ஒரு போல்டைச் சுற்றி ஆடும்படி நிறுத்தினார். நீளக் கையில் கைப்பிடியின் கம்பி, குட்டைக் கையில் சக்கரத்துக்குப் போகும் கம்பி. பின்னால் தராசுக் கோல் மாதிரி ஒரு குறுக்குப் பட்டை, இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைச் சமமாகப் பிரிக்க. தொய்வை இறுக்க, படகில் போடும் பாட்டில் ஸ்க்ரூ ஒன்று. சுற்றினால் கம்பி முறுக்கேறும்.

இரண்டே விரலால் இழுத்தேன். பாய் பின்னாலிருந்து தள்ளினார். பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து தள்ளினார். வண்டி அசையவில்லை. நான் இறங்கி ஓடிப்போய் நானும் தள்ளினேன். மூன்று பேர் தள்ளியும் அசையவில்லை! அன்று சாயங்காலம் வீட்டில் கடப்பாரையை வைத்து நெம்பி, அரிசி மூட்டையைத் தூக்கினேன், கட்டில் காலைத் தூக்கினேன், தண்ணீர் நிறைந்த டிரம்மைச் சாய்த்துப் பார்த்துச் சமையல்கட்டு முழுக்க ஈரமாக்கினேன். எட்டாவது வகுப்பில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள் என்றால் இன்னும் ஒரு வருடம் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பாய் டிரம்முகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிரேக் ஷூவை எமரித் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தார். “ஜும்மாவுக்குப் போய்ட்டு வர்றேன். டிரம்ம மாட்டி வீல முடுக்கி வை” என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். நான் தனியாக அந்த டிரம்மைப் பார்த்தேன். பளபளவென்று வெறும் இரும்பு. பதினைந்து வருடம் கடலில் இருந்தவனுக்கு வெறும் இரும்பைப் பார்த்தால் தூக்கம் வராது. ஃபெர்ரியில் உப்புத் தண்ணீர் தெறிக்கும், மழை வரும், ஒரே வாரத்தில் துரு ஏறும், அப்புறம் ஏற்றம், டீ, பதில் எல்லாம் போச்சு. ஒர்க்‌ஷாப் மூலையில் படகுக் கிரீஸ் டப்பா திறந்தே இருந்தது. படகில் நாங்கள் கிரீஸ் வைக்காத இரும்பு கிடையாது. டிரம்முக்குள், ஷூமேல், ஒரு இடம் விடாமல், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோலத் தேய்த்து மாட்டினேன்.

அன்று புரோத்ராபூர் வரைக்கும் கால் பிரேக் பின்னால் மெத்தென்று இருந்தது. எவ்வளவு மென்மையாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் சோதனை பார்க்க வந்தார். என் வீட்டுக்கு முன்னால் ஒரு சரிவு, அடியில் தேங்காய் மட்டைக் குவியல். உச்சியில் நிறுத்தினேன். கைப்பிடியை இழுத்தேன், கியரை நியூட்ரலுக்கு எடுத்தேன், காலை எடுத்தேன். நின்றது! கதவைத் திறந்து இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்றேன். பாய் தட்டில் கொண்டுவந்த பிஸ்கட்டை என்னிடம் நீட்டினார். நான் ஒன்றை எடுத்தேன். அப்போது பிஸ்கட் தட்டுக்குப் பின்னால் வண்டி கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

சத்தமே இல்லை. சக்கரம் மெதுவாகச் சுற்றியது, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல. பாய் வண்டிக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் நடந்தார், சக்கரத்தை உற்றுப் பார்த்தபடி. “அரே, பிடிச்சுருக்கு... ஆனா போகுதே! தம்பி, இது பிடிச்சுக்கிட்டே போகுது!” நான் பானெட்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் தரையை உழுதேன். கோழிகள் ஒதுங்கி வழிவிட்டன. வண்டி மட்டைக் குவியலுக்குள் அரைவாசி புதைந்து, நிம்மதியாக நின்றது.

பாய் டிரம்மைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் மஞ்சள் கிரீஸ் உருண்டையாக வந்தது. அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இது யாரு வேல?”

“துருப் பிடிக்கக் கூடாதுன்னு...”

“பிரேக்குக்கா? பிடிக்கிற எடத்துக்கா கிரீஸு வச்ச?” சிரிப்பதா அடிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் மட்டைமேல் உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போய் நெற்றியெல்லாம் கிரீஸ். “யா அல்லா, நல்ல வேளை, இவனுக்கு வண்டிய மட்டும் கொடுத்தே, கப்பலக் கொடுக்கல!”

டீக்கடைப் பெண்ணிடம் மறைத்தால் பாவம் என்று, ரங்கத்துக்குப் போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பதில் வந்தது. வார்த்தையே இல்லை, சிரிப்பு மட்டும், முக்கால் நிமிடம். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, “டீத்தூள் வாங்கி வச்சுருக்கேன்” என்று ஒரு வரி. அன்று அதை ஏழு தடவை கேட்டேன்.

புது ஷூ ஜங்லிகாட்டிலேயே கிடைத்தது. டிரம்மைப் பெட்ரோலில் கழுவினோம். என் கையைப் பாய் துணியால் கட்டாத குறை. மறுபடி அதே சரிவில் நிறுத்தினோம். பாய் நிதானமாக நான்கு பிஸ்கட் தின்று முடிக்கும்வரை வண்டி நின்றது.

குறித்த நாளில் லோடு எதுவும் ஏற்றவில்லை. அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் உடனே திரும்பி, காட்டு ரோட்டில் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து விடும் மதியக் கான்வாயைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஃபெர்ரியில் தலையை வெளியே நீட்டி, “இன்னைக்குக் கல்லு இல்ல, ஹேண்ட்பிரேக்!” என்றேன். அந்த ஆள் நம்பாமல் தன் மரக்கட்டையைச் சக்கரத்துக்கு வைத்துவிட்டுப் போனார். வைக்கட்டும். ஆனாலும் ரங்கத் நெருங்கும்போது ஓரமாக நிறுத்தி, அடியில் புகுந்து, பாட்டில் ஸ்க்ரூவை மூன்று சுற்று கூடுதலாக இறுக்கினேன். பாயிடம் கேட்கவில்லை. மீதி வழியில் வண்டி கொஞ்சம் முனகியது. சக்கரத்தருகே சூடாக வாசனை வந்தது.

ஏற்றத்தில் நிறுத்தினேன். கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்தேன். நியூட்ரல். இறங்கினேன். உதைக்கவில்லை. இருபது அடி கீழே நடந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். முதுகுத்தண்டில் ஒவ்வொரு எலும்பும் பின்னால் திரும்பிப் பார்த்தது.

அவர் டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நின்றார். “அங்க பாக்காதீங்க. இங்க பாருங்க. வந்தா எப்படியும் நம்மகிட்டதான் வரும்.”

குடித்தேன். பாதி டம்ளர் வந்தது. கால் எழுந்திருக்கப் பார்த்தது. அதை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டேன். இஞ்சி போட்டிருந்தார். ஏலக்காயும் போட்டிருந்தார். எட்டு மாதமாக அடியில்தான் சர்க்கரை கிடந்திருக்கிறது, அது எனக்குத் தெரியவே இல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்துக் காட்டினேன்.

“திரும்பலாமா?”

“திரும்புங்க.”

வண்டி வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. எனக்கு அந்த உருண்டை விளக்குகளுக்கு முத்தம் கொடுக்க வேண்டும்போல இருந்தது. “பதில்?” என்றேன். குரல் பன்னிரண்டு வயதுக்குப் போய்விட்டது.

“காலையிலயே அம்மாகிட்டச் சொல்லிட்டேன், போறேன்னு.”

“காலையிலயேவா? அப்ப இந்த ஏத்தம், ஹேண்ட்பிரேக்கு...”

“ஒரு டீய முழுசா குடிப்பீங்களான்னு பாக்கத்தாங்க. எட்டு மாசமா பாதியிலயே எந்திரிச்சு ஓடுறீங்க. நல்லா இல்லையோன்னு நான் தூள மாத்தி மாத்திப் போட்டது எனக்குத்தான் தெரியும்.”

அப்புறம் நான் என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. பெஞ்சைச் சுற்றி நடந்தேன் என்று அவர் சொல்கிறார். வண்டியை அவருக்குச் சரியாகக் காட்ட வேண்டும் என்று ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைத் தளர்த்தி, கியர் போட்டேன். வண்டி குந்தியது, நகரவில்லை. மறுபடி போட்டேன். பின்சக்கரம் இரண்டும் தரையில் நட்டுவைத்ததுபோல இருந்தன. அந்த மூன்று சுற்று! சூட்டில் விரிந்திருந்த டிரம் ஆறியதும் சுருங்கி, ஷூவை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது.

“என்னங்க ஆச்சு?”

“நல்லாவே பிடிச்சுருச்சு.”

அடியில் புகுந்து ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். அப்படியும் விடவில்லை. டிரம்மை வெளியிலிருந்து தட்டினால்தான் விடும். தட்டும்போது வண்டி கிளம்பிவிட்டால்? என் கை தன்னால் சீட்டுக்கு அடியில் போய், இரண்டாவது கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தது. வைத்த பிறகுதான் அவர் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன்.

“இது எங்கருந்து வந்துச்சு?”

“அது... அது எப்பவும் இருக்கும். அவசரத்துக்கு. டீ குடிக்கிறப்ப உள்ளதான் இருந்துச்சு, சத்தியமா.”

அவர் கடைப்பக்கம் போனார். தார்ப்பாய் மூலையிலிருந்து என் பழைய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். “எங்க அடிக்கணும்?”

காட்டினேன். சேலையை இழுத்துச் செருகி, இடது டிரம்மில் ஒரு போடு போட்டார். பிறகு வலது பக்கம். ‘டங்’ என்று ஒரு சத்தம். வண்டி பெருமூச்சு விட்டுக் கால் அடி இறங்கி, இரண்டாவது கல்லில் முட்டி நின்றது. நான் உள்ளே கையை விட்டுக் கைப்பிடியை இழுத்தேன். அசையாமல் நின்றது.

அவர் பழைய கல்லைத் தார்ப்பாயில் அதன் இடத்தில் வைத்தார். பிறகு திரும்பி வந்து சக்கரத்தடியிலிருந்த இன்னொரு கல்லையும் எடுத்துப்போய் எதிர் மூலையில் வைத்தார். “இந்தப் பக்கமும் காத்து தூக்கிட்டுதான் இருந்துச்சு” என்றார். கையைத் தட்டிவிட்டு, டிரைவர் கதவைத் திறந்தார். “நகருங்க. எனக்கு லைசன்ஸ் இருக்கு. பஜார் வரைக்கும் ஓட்டிப் பாக்குறேன்.”

நான் இடது பக்கம் நகர்ந்தேன். மதியக் கான்வாய் அந்நேரம் கிளம்பிப் போயிருக்கும்; போகட்டும். வண்டி இறங்க ஆரம்பித்ததும் என் கை மெதுவாக டேஷ்போர்டுக்கு அடியில் போனது.

“அதுல கை வைக்காதீங்க” என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.